மாப்ளே, பணத்தை இப்போதே அனுப்பாதே

பரமக்குடி,
கார்த்திகை 6

அன்புள்ள சேது,

ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். சங்கிலி உன் பணத்தை இன்னும் தரவில்லை. கேட்டால் "கண்மாய் நிரம்பி மறுகால் பாயட்டும்" என்கிறான்.

ஊர்க் கண்மாயைத் தூர்வார மூன்று லட்சம் அனுப்பப் போகிறாயாமே? அதற்குத்தான் இந்த அவசரம். கொஞ்சம் பொறு மாப்ளே.

டிவியில் "வைகை அணை 69 அடி, மூன்றாம் வெள்ள எச்சரிக்கை" என்றதும் பூனாவில் உட்கார்ந்து துள்ளியிருப்பாய். அணை நிரம்புவதே 71 அடியில்தான். அதற்குள் நிற்பது பெரியாற்றிலிருந்து சுரங்கம் வழியாக வந்ததும் வருசநாட்டு மழையும். பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாய் பிரிந்துவிடும். அந்தக் கால்வாயில் கள்ளந்திரி வரைக்குமான இருபோக நிலம் மட்டுமே 45,041 ஏக்கர். நம்முடையது பூர்வீகப் பாசனம், ஆதியிலிருந்தே வைகை ஆற்றை நம்பியது. அந்தத் தண்ணீரில் ராமநாதபுரத்துக்கு ஏழு பங்கு, சிவகங்கைக்கு மூன்று, மதுரைக்கு இரண்டு. கடைசியில் இருக்கிற நமக்குத்தான் முதலில் திறப்பார்கள், ஆனால் எண்ணி சில நாள்தான். அந்த நாட்களுக்குள் பார்த்திபனூர் மதகணையைத் தாண்டி நம் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் எவ்வளவு வந்து விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கணக்கு வாத்தியாரை நினைத்துக்கொண்டு போட்டுப் பார். ஒரு கண்மாய் பத்து மில்லியன் கன அடி பிடிக்கும் என்று வை. வினாடிக்கு 20 கன அடி வந்தால் ஆறு நாளில் நிறையும். வரத்துக்கால் தூர்ந்து 5 கன அடிதான் வருகிறதென்றால் 23 நாள். அதற்குள் அணையை அடைத்துவிடுவார்கள். குளத்தை எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் இந்த 5 ஒருநாளும் 20 ஆகாது.

ஆற்றிலிருந்து நேரே பிரிகிற கால்களுக்கு இன்னொரு வில்லங்கம். மணல் அள்ளி அள்ளிப் படுகை இறங்கிவிட்டது, கால் தொடங்கும் தலைவாய் மேட்டில் நிற்கிறது. பெருவெள்ளம் வந்தால்தான் தண்ணீர் ஏறும்.

ஜேசிபிக்காரன் வந்தால் கண்மாய் நடுவில்தான் இறங்குவான், அவனுக்கு அதுதான் சுலபம். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் அடிக்கல்லுக்குக் கீழே நிற்கிற தண்ணீர் வயலுக்கு ஏறாது. ஆடு மாடு குடிக்கும், மீன் வளரும், அவ்வளவுதான். அடியில் இருக்கும் களிமண் படிவத்தைக் கிழித்து மணலைத் தொட்டுவிட்டால் நின்ற தண்ணீரும் இறங்கிவிடும். கரையை ஒட்டி மண்ணெடுத்துக் கரைமேலேயே கொட்டுவது இன்னும் மோசம். கரையின் அடி பலம் குறைந்து கசிவு வெளியே வரும், பிறகு உடைப்புதான்.

அதனால் முதல் செலவு வரத்துக்காலுக்கு. கிராம வரைபடத்தை வைத்து எல்லை பார்க்க வேண்டும். நூறு அடிக்கு ஒரு தடவை கொத்தனாருடைய லெவல் டியூபைப் பிடித்து மட்டம் குறித்துக்கொண்டு வந்தால் எங்கே மேடு தட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். சீமைக் கருவேலத்தை வெட்டினால் போதாது, அடுத்த மழைக்கே தழைத்து நிற்கும். தூரோடு பிடுங்க வேண்டும். இரண்டாவது மடை. பலகை நெளிந்து, திருகு துருப்பிடித்துக் கிடந்தால் இரவெல்லாம் தண்ணீர் ஒழுகும். வண்டலுக்கு நீ காசு கொடுக்கவே வேண்டாம். வட்டாட்சியர் அனுமதி வாங்கினால் கரம்பையை விவசாயிகளே ஓட்டிக்கொண்டு போவார்கள். ஆனால் அடிக்கல் மட்டத்துக்குக் கீழே தோண்டவிடாதே.

கண்மாய் நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலுங்கில் மூட்டை அடுக்கி உயர்த்தலாம் என்று சங்கிலி ஒரு யோசனை சொன்னானாம். அவன் யோசனை என்றைக்கு உருப்பட்டது? நம் கலுங்கில் வழிவது கீழ்க்கண்மாய்க்கு வரத்து. அதை மறித்தால் அந்த ஊர்க்காரன் வெட்டரிவாளோடு வருவான், நியாயமும் அவன் பக்கம்தான். தண்ணீர் தேங்குகிற உள்வாயில் இருக்கிற பட்டா நிலமும் மூழ்கும். எல்லாவற்றையும்விட, ஐப்பசி கார்த்திகையில் ஒரே ராத்திரி கொட்டுகிற மழைக்கு வழிய இடமில்லாவிட்டால் தண்ணீர் கரைமேல் ஏறிவிடும். மண் கரைமேல் தண்ணீர் ஏறினால் நிற்காது, சேது. இதில் விளையாட்டு வேண்டாம்.

பங்குனிக்கு வா. தண்ணீர் வற்றி அடிக்கல் தெரியும். லெவல் டியூப் சங்கிலி வீட்டில்தான் இருக்கிறது, அதையாவது திருப்பித் தருகிறானா பார்ப்போம்.

உன்,
முத்து