பிக் டென் என்ற பெயருக்காக மட்டும் போகாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

இரண்டு இடத்திலிருந்தும் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னாயாம். ரொம்ப சந்தோஷம். கூடவே, "பிக் டென் யுனிவர்சிட்டியை விட்டுவிட்டு யாராவது மேற்கே ஒரு சின்ன காலேஜுக்கு நீச்சல் சொல்லித்தரப் போவார்களா, அப்பாவைக் கேளு" என்றும் சொன்னாயாம். ஃபோனில் பதில் சொன்னால் பாதியிலேயே வெட்டிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

போகாதே என்று சொல்ல வரவில்லை. பிக் டென் என்பது பெரிய யுனிவர்சிட்டிகள் தங்களுக்குள் விளையாடச் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு, கான்ஃபரன்ஸ் என்பார்கள். அந்தப் பெயரைப் பார்த்துப் போகாதே என்றுதான் சொல்கிறேன். ஓரிகன் மாநிலத்துக் கார்வாலிஸில் குடியிருப்பவனுக்கு இதைச் சொல்லக் கொஞ்சம் உரிமை உண்டு.

பேக்-12-ன் கதை உனக்குத் தெரிந்ததுதான். 1915-ல் போர்ட்லாண்டில் நான்கு கல்லூரிகள் கூடித் தொடங்கிய கான்ஃபரன்ஸ் அது. அந்த நான்கில் நம்மூர் ஓரிகன் ஸ்டேட்டும் ஒன்று. 2022 ஜூன் கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸின் யூஎஸ்சியும் யூசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போகிறோம் என்றன. 2023 ஜூலையில் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. ஆப்பிளோடு ஸ்ட்ரீமிங் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிடும், மிச்சமிருப்பவர்கள் சேர்ந்தே இருப்பார்கள் என்று காலையில்கூடப் பேசிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் வாஷிங்டனும் ஓரிகனும் பிக் டென்னுக்கும், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12 என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்கும் போய்விட்டன. செப்டம்பர் 1-ல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏசிசி என்ற கிழக்குக் கரை கான்ஃபரன்ஸில் இடம் பிடித்தன. நூறு வருஷத்துக்கு மேல் நின்ற வீட்டில் கடைசியில் மிஞ்சியது நாமும் வாஷிங்டன் ஸ்டேட்டும்தான்.

அதே செப்டம்பரில்தான் நம் அமெரிக்க ஃபுட்பால் மைதானமான ரீசர் ஸ்டேடியத்தின் மேற்குப் பக்கத்தை 16 கோடி டாலர் செலவில் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். அணியும் மோசமில்லை. சீசன் முடிந்த மறுநாளே பயிற்சியாளர் ஜோனதன் ஸ்மித் மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். இதே ஊரில் படித்து, இதே அணிக்கு ஆடிய மனுஷன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிக் டென் கூப்பிட்டால் உனக்கே கை துறுதுறுக்கிறதே.

இதற்கெல்லாம் மூலம் எது என்று பார்த்தால் 1984-க்குப் போக வேண்டும். அதுவரை ஃபுட்பால் ஆட்டங்களின் டிவி உரிமை, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ கையில் இருந்தது. ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குப் போட்டு, சுப்ரீம் கோர்ட் அந்தப் பிடியை உடைத்தது. எதிர்த்துத் தீர்ப்பெழுதிய நீதிபதி பைரன் வைட், கொலராடோவில் ஃபுட்பால் ஆடிப் பேர் வாங்கியவர். உள்ளே இருந்து பார்த்தவருக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்திருக்கும்போல. அன்றிலிருந்து கான்ஃபரன்ஸ் என்பது பக்கத்து ஊர்கள் சேர்ந்து விளையாடும் ஏற்பாடாக இல்லாமல், டிவிக்காரரிடம் சேர்ந்து பேரம் பேசும் கூட்டணியாகிவிட்டது. கூட்டணி என்றால் நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அடுத்த தேர்தல் வரைதான்.

அந்த அடுத்த தேர்தல் எப்போது என்பதுதான் நீ பார்க்க வேண்டியது. ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசியோடு பிக் டென் போட்டிருக்கும் ஏழு வருஷ ஒப்பந்தம், சுமார் 700 கோடி டாலர், 2030-ல் முடிகிறது. பிக் 12-ன் ஒப்பந்தம் 2031-ல். ஏசிசி 2036 வரை ஈஎஸ்பிஎன்னோடு கட்டுப்பட்டிருக்கிறது. ஆனால் அதிலிருக்கும் ஃபுளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் வழக்குப் போட்டு, 2025 மார்ச்சில் சமரசமாகி, வெளியேறுவதற்கான தொகையைக் குறைத்துக்கொண்டார்கள். வருஷா வருஷம் இறங்கி 2030-31-ல் அது ஏழரைக் கோடி டாலருக்கு வந்துவிடும். மூன்று கதவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் திறக்கின்றன. அப்போது யாரும் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. பிக் டென்னும் தெற்கத்திய கான்ஃபரன்ஸான எஸ்ஈசியும் கிழக்கே நல்ல பெயர்களைப் பொறுக்கிக்கொள்ளும். நீ இப்போது சேர்ந்தால் இடம் பழகி, நீயே தேர்ந்தெடுத்த பிள்ளைகள் மூன்றாம் வருஷம் நீந்தும்போது இந்தக் கலகம் வரும்.

"நீச்சலுக்கு என்னப்பா, யார் எங்கே போனால் என்ன?" என்பாய். ஒரு பாதி சரி. வாலிபாலும் சாஃப்ட்பாலும் படும் அலைச்சல் உங்களுக்குக் கிடையாது. பக்கத்தில் இருப்பவர்களோடு மோதிவிட்டு, சாம்பியன்ஷிப்புக்கு ஒருமுறை போனால் போதும். லாஸ் ஏஞ்சலிஸ் பிள்ளைகள் நியூ ஜெர்சியில் ரட்கர்ஸோடு ஆடிவிட்டு, மூன்று மணி நேர வித்தியாசத்தோடு திங்கட்கிழமை வகுப்பில் தூங்கும் கதை உனக்கு வராது.

மறுபாதிதான் எனக்குக் கவலை. 2025 ஜூனில் வீரர்களுக்குக் காசு தர வேண்டும் என்று என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி ஒப்புதல் கொடுத்ததிலிருந்து, ஒரு யுனிவர்சிட்டி தன் விளையாட்டு வீரர்களுக்கு வருஷம் 2 கோடி டாலருக்கு மேல் நேரடியாகவே கொடுக்கலாம். பிள்ளைகள் உழைப்புக்குக் காசு கிடைப்பதை நான் மனசார வரவேற்கிறேன். ஆனால் பெரிய இடங்களில் அதில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் பாஸ்கெட்பாலுக்கும் போகிறது. பணம் எங்கிருந்தாவது வர வேண்டுமே? ஒரு அணியில் இத்தனை பேர்தான் என்ற வரம்பும் அதே சமரசத்தில் வந்ததுதான். அது உன் குளத்தில் எத்தனை பேரை வெளியே நிறுத்தியது என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்கு முந்தைய மார்ச்சிலேயே கலிஃபோர்னியாவின் கால் பாலி நீச்சல் அணியை மூடிவிட்டது. காரணமாகச் சொன்னவற்றில் இந்தச் சமரசமும் ஒன்று. கால் பாலி சின்ன இடம், பிக் டென்னில் அப்படி நடக்காது என்பாய். பெரிய இடத்தில் செலவும் பெரிசு. ஃபுட்பாலில் பக்கத்து வீட்டுக்காரனை முந்த வேண்டும் என்று வந்துவிட்டால் முதலில் கண்ணில் படுவது நீச்சல் குளத்தின் செலவுக் கணக்குதான்.

சின்ன இடமெல்லாம் அழிந்துவிடும் என்ற பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. 2025-ல் நம் பேஸ்பால் அணிக்கு கான்ஃபரன்ஸே இல்லை. யார் கூப்பிட்டாலும் போய் ஆடினார்கள். ஜூனில், தன் கான்ஃபரன்ஸ் தருகிற காசு போதவில்லை என்று கோர்ட்டுக்குப் போன அதே ஃபுளோரிடா ஸ்டேட் இங்கே காஸ் ஸ்டேடியத்துக்கு வந்து தோற்றுப் போனது. எனக்கு முன்வரிசையில் ஒரு கிழவர், கடலையை உரித்து உரித்துத் தோலை ஆரஞ்சு நிறத் தொப்பியில் சேர்த்துக்கொண்டிருந்தார். கடைசி அவுட்டில் எழுந்து தொப்பியை வீசினார், தோல் முழுக்க என் தலையில். கல்லூரி பேஸ்பாலின் இறுதிச் சுற்று நடக்கும் ஒமாஹாவுக்குப் போய்விட்டோம் என்ற குஷியில் நானும் சும்மா இருந்துவிட்டேன். ஆனாலும் கான்ஃபரன்ஸ் இல்லாமல் இருப்பதை வழி என்று நான் சொல்ல மாட்டேன். சொந்த ஊரில் ஆட்டம் குறைந்து பிள்ளைகள் ஹோட்டலிலேயே சீசனைக் கழித்தார்கள். எல்லா வருஷமும் அப்படி நடத்த முடியாது.

2026 ஜூலை 1-லிருந்து பாய்சி ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், ஃபிரெஸ்னோ, கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சஸ் ஸ்டேட், ஃபுட்பால் இல்லாத கொன்சாகா எல்லாம் நம்மோடும் வாஷிங்டன் ஸ்டேட்டோடும் சேர்ந்து பேக்-12 என்ற பலகையை மறுபடி மாட்டுகிறார்கள். பழைய காசு வராது. டெக்சஸ் ஸ்டேட்டைத் தவிர மற்றதெல்லாம் மேற்குதான் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

ஃபுட்பாலை மட்டும் தனியே பிரித்து டிவிக்காரர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டு, மற்ற விளையாட்டுகளைப் பக்கத்து ஊர்களோடு ஆட விட்டால் என்ன என்று ரொம்ப நாளாக நினைக்கிறேன். நடக்காத காரியமில்லை. நோட்ர டேம் யுனிவர்சிட்டிக்கு ஃபுட்பாலில் கான்ஃபரன்ஸ் கிடையாது, தனிக்காடு; மற்ற பெரும்பாலான விளையாட்டுகள் ஏசிசியில், ஹாக்கி பிக் டென்னில். அவர்களுக்கு முடிந்தது மற்றவர்களுக்கு முடியாதா? 2030-ல் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். வந்தால், பிக் டென்னில் இருந்தாலும் உன் குளம் தன் பக்கத்து ஊர்களோடுதான் மோதும். அப்போது நீ இன்று பார்க்கிற பெயருக்கு நீச்சலில் என்ன மதிப்பு?

அதனால் பதில் சொல்வதற்கு முன் இரண்டு இடத்திலும் ஒரே கேள்விகளைக் கேள். தலைமைப் பயிற்சியாளரிடம் இல்லை, விளையாட்டுத் துறை இயக்குநரிடம். நீச்சலுக்கு ஸ்காலர்ஷிப் எத்தனை, எந்த வருஷம் வரை என்று எழுத்தில் தருவார்களா? பயணச் செலவு நீச்சல் கணக்கில் வருகிறதா, பொதுக் கணக்கிலா? குளத்தைச் செப்பனிடப் பணம் ஒதுக்கிவிட்டார்களா, இல்லை நன்கொடைக்குக் காத்திருக்கிறார்களா? பெரிய இடம் தெளிவாகப் பதில் சொன்னால் யோசிக்காமல் அங்கேயே போ, ஜனவரிக் குளிருக்கு அம்மா கோட்டு வாங்கித் தருவாள். மழுப்பினால் மேற்கே வா.

வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்றார்களாமே. ஒரு வாரம் தவணை கேள். வேண்டிய ஆளாக இருந்தால் கொடுப்பார்கள்.

அன்புடன்,
அப்பா