பூட்டிய வீடுகளைக் கண்காணிக்க ஒழுங்கான முறை வேண்டி தாம்பரம் மாநகரக் காவல் ஆணையருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
வேளச்சேரி – தாம்பரம் சாலை உட்புறத் தெருக்கள்,
கிழக்குத் தாம்பரம்.

பெறுநர்:
உயர்திரு காவல் ஆணையர் அவர்கள்,
தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம்.

பொருள்: வெளியூர் செல்வோரின் வீடுகளைப் பதிவு செய்து கண்காணிக்கும் முறையை எங்கள் பகுதியில் ஏற்படுத்தித் தருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகை நெருங்கினால் காவல்துறையிடமிருந்து ஓர் அறிவிப்பு வருவது வழக்கம்: வெளியூர் செல்பவர்கள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள், ரோந்துக் காவலர்கள் வீட்டைப் பார்த்துக்கொள்வார்கள் என்று. நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் தெருக்களில் அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மிகச் சிலர். ஏன் சொல்வதில்லை என்று சங்கக் கூட்டத்தில் கேட்டபோது, பதிலுக்குக் கேள்விகள்தான் வந்தன. யாரிடம் சொல்வது? நேரில் போய் எழுதிக் கொடுக்க வேண்டுமா, போனில் சொன்னால் போதுமா? சொன்னதற்கு என்ன அத்தாட்சி? வந்து பார்த்தார்களா என்று எப்படித் தெரியும்? 'இந்த வீட்டில் ஆள் இல்லை' என்ற தகவல் வேறு எங்காவது கசிந்துவிட்டால்?

இந்தக் கேள்விகளுக்கு விடை தரும் ஒரு முறையைத் தாங்கள் வகுத்துத் தர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. இம்மனுவில் மற்றபடி நாங்கள் கேட்பதெல்லாம் இதற்குத் துணையாகத்தான்.

எங்கள் பகுதியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பெரும்பாலும் தனி வீடுகள். நடுநடுவே, கீழே வண்டி நிறுத்த இடம் விட்டுக் கட்டிய சிறு அடுக்குமாடிகள். விமானப்படையிலும் ரயில்வேயிலும் பள்ளிக்கூடங்களிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். மகளின் பிரசவத்துக்கு என்று கிளம்பினால் வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். மற்றவர்கள் திருச்சி, தஞ்சை, நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். தீபாவளி, பொங்கலுக்கு முன்தினம் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் நிரம்பி வழியும் இரவில்தான் எங்கள் தெருக்கள் காலியாகின்றன. எந்த இரவில் ஆள் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்துகொள்ள யாரும் துப்பறிய வேண்டியதில்லை, காலண்டர் போதும்.

அண்மையில் நடந்த ஒரு திருட்டைச் சொன்னால் எங்கள் கவலை விளங்கும். உறவில் ஒரு சாவு என்று நள்ளிரவில் போன் வர, வயதான தம்பதியர் விடிவதற்குள் கும்பகோணத்துக்குக் கார் ஏறிவிட்டார்கள். அந்த அவசரத்தில் பால்காரருக்கும் சொல்லவில்லை, பேப்பர்காரருக்கும் சொல்லவில்லை. கேட்டில் மாட்டியிருந்த பையில் பால் பாக்கெட் வெயிலில் உப்பி வெடித்து, வாசல் வரை வழிந்து எறும்பு மொய்த்திருந்தது. பேப்பர் போட்டது போட்டபடி கிடந்தது. அந்த அம்மா ஒரு நாளும் தவறாமல் போடும் கோலம் வாசலில் இல்லை. திருடன் வரக் கூடாது என்று போட்டுவிட்டுப் போன போர்ட்டிகோ விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் ஆள் இல்லை என்பது தெருவில் போகிற எவருக்கும் தெரியும்படி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களும் பார்த்திருக்கிறார்கள். 'எங்கேயோ போயிருக்கிறார்கள் போல' என்று நினைத்ததோடு சரி.

முன்கதவில் விலை உயர்ந்த பூட்டு. வந்தவர்கள் அதைத் தொடவே இல்லை. பின்பக்கம் துணி துவைக்கும் இடத்துக் கதவை நெம்பியிருக்கிறார்கள். பூட்டு பூட்டியபடியே தொங்குகிறது. நாதாங்கி மட்டும் ஸ்குரூவோடு கதவுச் சட்டத்திலிருந்து பிய்ந்து வந்திருக்கிறது. பீரோவை உடைத்ததோடு நிற்காமல் சமையலறையில் துவரம்பருப்பு டப்பாவையும் அரிசிப் பானையையும் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார்கள். பூஜை அறையில் வெள்ளிக் குத்துவிளக்கு இல்லை. போகும்போது தரையெல்லாம் மிளகாய்ப்பொடி. வீட்டில் கேமரா இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. அதன் பதிவுப் பெட்டி டிவிக்குப் பக்கத்திலேயே இருந்ததால் அதையும் தூக்கிப் போய்விட்டார்கள்.

இந்தத் தம்பதியர் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லியிருக்க முடியுமா? நள்ளிரவில், சாவு வீட்டுக்குக் கிளம்பும் பதற்றத்தில், நேரில் போய் மனு எழுதிக் கொடுப்பது நடக்காத காரியம். ஆனால் காரில் போகும்போது ஓர் எண்ணுக்கு அழைத்துச் சொல்ல முடிந்திருந்தால் சொல்லியிருப்பார்கள். எனவே எங்கள் பகுதிக்கென்று எந்நேரமும் எடுக்கப்படும் ஒரு கைப்பேசி எண்ணை ஒதுக்கித் தாருங்கள். பொறுப்பில் இருக்கும் காவலர் மாறினாலும் எண் மாறக் கூடாது. செயலியில் பதிவு செய்ய வழி இருந்தாலும், எங்கள் பெரியவர்களில் பலர் போனில் பேசத்தான் பழகியவர்கள்.

வீட்டு முகவரி, கிளம்பும் நாள், திரும்பும் நாள், அவசரத்துக்கு அழைக்க ஒரு பக்கத்து வீட்டாரின் எண். கேட்பது இவ்வளவோடு நிற்கட்டும். எங்கே போகிறோம், வீட்டில் என்ன இருக்கிறது என்ற விவரம் எதுவும் தேவையில்லை. பதிவு செய்தவுடன் ஒரு பதிவு எண் குறுஞ்செய்தியாக வர வேண்டும். அந்தப் பட்டியலை ஆய்வாளரும் அன்றைய ரோந்துக் காவலர்களும் மட்டுமே பார்க்கும்படி இருக்க வேண்டும். எந்த வாட்ஸ்அப் குழுவிலும், எங்கள் சங்கத்தின் குழு உட்பட, அதைப் போடக் கூடாது. வீட்டார் திரும்பியதும் அழித்துவிட வேண்டும். ஆளில்லாத வீடுகளின் பட்டியல் தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதைத் தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. மக்கள் சொல்லத் தயங்குவதற்கு முதல் காரணமும் இதுதான்.

அடுத்தது, பார்த்ததற்கான அத்தாட்சி. தெருமுனையில் தொங்கும் பட்டா புத்தகத்தில் (ரோந்து வந்ததைப் பதியும் குறிப்பேட்டில்) காவலர் போடும் கையெழுத்து, அவர் தெருவுக்கு வந்ததைக் காட்டும். பூட்டிய வீட்டின் பின்கதவைப் பார்த்ததைக் காட்டாது. எங்கள் பகுதியில் கதவுகள் நெம்பப்படுவது பெரும்பாலும் பின்பக்கத்தில்தான். ஆகவே பதிவு செய்த வீடுகளுக்கு மட்டுமாவது, இரவில் ஒரு முறை சுற்றுச்சுவரைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்து, 'பார்த்தோம், பூட்டு சரியாக இருக்கிறது' என்று ஒரு வரி குறுஞ்செய்தி வீட்டாருக்குப் போனால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தெருவே பதிவு செய்யும். இந்தச் சுற்று தினமும் ஒரே நேரத்தில் இல்லாமல் முன்பின்னாக இருப்பது நல்லது. சைரன் போட்டுக்கொண்டு வரும் ரோந்து எங்களுக்குத் தைரியம் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒதுங்கி நிற்கத் திருடனுக்கும் நேரம் தருகிறது.

காவலர் எண்ணிக்கை போதாது என்பது எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காவலர் நிற்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. எந்த வீடு பூட்டியிருக்கிறது என்று தெரிந்தால், இருக்கிற காவலர்களே அங்கே மட்டும் கவனம் வைக்கலாம் என்கிறோம்.

பண்டிகைக்குச் சமமாக எங்களைக் காலி செய்வது மழை. செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் ஏரிகளைச் சுற்றி வளர்ந்த பகுதி எங்களுடையது. 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் வாசற்படியைத் தொட்டாலே கிளம்பிவிடுகிறார்கள். கீழ்த்தள வீடுகள் ஒட்டுமொத்தமாகப் பூட்டப்படும். பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். அதோடு தெருவிளக்கும் போகும், கேமராவும் போகும். அந்த நாட்களில் வீடு வீடாகப் பதிவு செய்ய முடியாது. தண்ணீர் தேங்கும் தெருக்களின் பெயர்களை முன்கூட்டியே தருகிறோம். மழை எச்சரிக்கை வந்தால் அந்தத் தெரு முழுவதையும் பூட்டிய வீடாகக் கருதி, தண்ணீர் வடிந்து மக்கள் திரும்பும்வரை இரவில் கண்காணிக்க ஆவன செய்ய வேண்டும்.

கேமராக்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். 2022 ஜனவரியில் தாம்பரம் தனி ஆணையரகம் ஆவதற்கு முன்பு நாங்கள் சென்னை மாநகரக் காவல் எல்லையில் இருந்தோம். அப்போது தெருக்களில் கண்காணிப்புக் கேமரா வைக்கும் காவல்துறையின் 'மூன்றாவது கண்' திட்டம் மும்முரமாக நடந்த காலத்தில் எங்கள் தெருவாசிகளும் பணம் போட்டுக் கேமராக்கள் வைத்தார்கள். இன்று சில கம்பங்களில் ஒயர் மட்டும் தொங்குகிறது. பராமரிப்புச் செலவு யாருடையது என்று அன்று யாரும் எழுதி வைக்காததால் வந்த நிலை இது. வீடுகளில் உள்ள கேமராக்களோ அவரவர் காரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. தெருவுக்கு எத்தனை கேமரா என்பதைவிட, தெருவுக்குள் நுழையும் வழி ஒவ்வொன்றிலும் வண்டி எண் இரவில் தெளிவாகப் பதியும் ஒரு கேமரா இருப்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறோம். எந்த இடத்தில், எந்த உயரத்தில், எந்த வகையை வைப்பது என்று தங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் ஒரு நாள் வந்து காட்டினால் போதும். வாங்குவதும் பராமரிப்பதும் சங்கத்தின் பொறுப்பு. இந்த முறை அதை எழுத்திலேயே தந்துவிடுகிறோம்.

எரியாத தெருவிளக்குகளின் கம்ப எண்களை இணைத்துள்ளோம். இது தங்கள் துறையின் வேலை அல்ல. இருந்தாலும், பாதுகாப்பு காரணத்தைக் காட்டித் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போனால் விரைவில் நடக்கும்.

திருட்டு நடந்துவிட்டால் அப்புறம் என்ன என்பதிலும் எங்களுக்குத் தெளிவு தேவை. எங்கள் உறுப்பினர் ஒருவர் முன்பு வேறோர் ஊரில் குடியிருந்தபோது, வீடு புகுந்து திருடிய புகாருக்கு சி.எஸ்.ஆர். எனப்படும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்தவர். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 331-ஆம் பிரிவின்படி, திருடும் நோக்கத்தோடு இரவில் வீட்டை உடைத்துப் புகுவதற்குப் பதினான்கு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பிடியாணை இல்லாமலே கைது செய்வதற்குரிய இப்படிப்பட்ட குற்றம் பற்றித் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும், விசாரணை எந்த நிலையில் உள்ளது என்பதைத் தொண்ணூறு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பவை குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் உள்ளவை. தங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் பகுதியில் இது தவறாமல் நடக்கும் என்று தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால், பெரியவர்கள் புகார் கொடுக்கத் தயங்க மாட்டார்கள்.

நகை விஷயத்தில் எங்களால் ஆனதைச் செய்யத் தொடங்கிவிட்டோம். 2023 ஏப்ரல் முதல் கடைகளில் விற்கும் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க அடையாளக் குறியீடு இருந்தாக வேண்டும். அதை ரசீதோடு படம் எடுத்து வைக்கும்படி வீடு வீடாகச் சொல்லி வருகிறோம். பாட்டி காலத்து அட்டிகைக்கும் காசுமாலைக்கும் குறியீடு ஏது? அவற்றை எடை போட்டு, இருபுறமும் படம் எடுத்து வைக்கச் சொல்கிறோம். திருட்டுப் புகாரோடு இந்தக் குறியீடுகளும் படங்களும் வந்தால், அன்றே சுற்றுவட்டார அடகுக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். நகையை உருக்கிவிட்டால் குறியீடும் போய்விடும் என்பதால் முதல் ஓரிரு நாள்தான் கணக்கு. மீட்ட நகையை உரியவரிடம் விரைவில் ஒப்படைக்க நீதிமன்றத்தில் மனு செய்வதற்கும் காவல் நிலையம் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கூட்டத்தில் சிலர், கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களையும் பழைய பேப்பர் எடுக்க வருபவர்களையும் தெருவுக்குள் விடக் கூடாது என்றார்கள். சங்கம் அதை ஏற்கவில்லை. உழைத்துச் சாப்பிடுகிறவரை நிறுத்தி வைத்து விசாரிப்பதால் எந்த வீட்டின் பின்கதவும் பலப்படாது. கேட்டில் ஏதோ ஒரு விளம்பர நோட்டீஸைச் செருகிவிட்டு, இரண்டு நாள் கழித்து அது அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வருகிறவரைத்தான் கவனிக்க வேண்டும். அவர் நன்றாக உடுத்தி, பைக்கில் வருகிறவராகக்கூட இருக்கலாம்.

வரும் பொங்கல் விடுமுறைக்கு முன்பே எங்கள் தெருக்களில் மட்டும் இந்த முறையைச் சோதனையாகத் தொடங்கிப் பார்க்கலாம். கேட்டில் சேரும் பால், பேப்பர், நோட்டீஸ்களை எடுத்து வைப்பதும், வாசல் தெளித்துக் கோலம் போடுவதும், மாலையில் விளக்கைப் போட்டுக் காலையில் அணைப்பதும் பக்கத்து வீட்டார் பொறுப்பு என்று தெருவுக்குத் தெரு ஆள் குறித்திருக்கிறோம். மேற்கண்டவற்றைப் பேசி முடிவு செய்யத் தாங்கள் ஓர் அதிகாரியை நியமித்து, அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் சங்கக் கூட்டத்துக்கு வருவதற்கு ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இணைப்பு: தெருக்களின் வரைபடம், எரியாத விளக்குக் கம்பங்களின் எண்கள், தண்ணீர் தேங்கும் தெருக்களின் பட்டியல், உறுப்பினர்களின் கையொப்பங்கள்.

இடம்: தாம்பரம்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்.