கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மதுரை மாசி வீதிப் பக்கம் இருக்கிற நம் கடைக்குத் தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு பெரியவர் வருவார். சுவர் ஓரத்து மேசை, பொங்கல், வடை, காபி. இலையில் ஒரு பருக்கை மிச்சம் இருக்காது, ஆனால் காபி மட்டும் பாதி டம்ளரில் அப்படியே நிற்கும். மேசை துடைக்கிற தம்பிதான் இதைக் கவனித்து என்னிடம் சொன்னான். மறுநாள் நானே போய், "ஐயா, காபி சரியில்லையா?" என்று கேட்டேன். "காபி நல்லாத்தான் இருக்கு தம்பி, எனக்குத்தான் சர்க்கரை ஜாஸ்தி. கூட்ட நேரத்துல உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு பேசாம இருந்துட்டேன்" என்றார். ஆறு மாதமாக இப்படி. காசு கொடுத்து வாங்கிய காபியைப் பாதி குடித்துப் பாதி விட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து அவருக்கு அரைச் சர்க்கரை, டம்ளர் காலியாகத் திரும்புகிறது. ஆனாலும் அந்த ஆறு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கேட்கவில்லை.

அதனால்தான் இந்த மடல். நம் கடையில் மட்டுமல்ல, எந்த ஓட்டலுக்குப் போனாலும் கொடுக்கிற காசுக்கு நல்லபடியாகச் சாப்பிட்டு வர என்ன செய்யலாம் என்று, அடுப்பங்கரைப் பக்கம் இருந்து பார்க்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நேரம். சப்ளையரிடம் "என்ன இருக்கு?" என்று கேட்டால் அவர் ஒரே மூச்சில் இருபது பெயர் சொல்லிவிடுவார், அதில் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. "என்ன சூடா இருக்கு?" என்று கேளுங்கள். அப்போது இறங்கியது எதுவோ அதைச் சொல்வார். இட்லியை ஈடு ஈடாகத்தான் வேக வைக்கிறோம். காலை ஏழிலிருந்து எட்டரை வரை ஒரு ஈடு இறங்கி அடுத்தது ஏறுவதற்குள் முந்தைய ஈடு தீர்ந்துவிடும், அந்த நேரத்தில் யார் வந்தாலும் துணியிலிருந்து எடுத்த இட்லிதான். பத்து மணிக்கு மேல் கூட்டம் குறைந்துவிடும், மிச்ச இட்லி ஹாட் பாக்ஸில் உட்கார்ந்திருக்கும். கெட்டுப் போகாது, ஆனால் அந்தப் பஞ்சு போன மெத்து இருக்காது. அப்போது வருகிறவர்கள் தோசை சொல்லுங்கள், அது எப்போது சொன்னாலும் அப்போது வார்ப்பதுதான். இட்லியேதான் வேண்டும் என்றால் "அடுத்த ஈடு எப்ப இறங்கும்?" என்று கேட்டுவிட்டுப் பத்து நிமிடம் இருங்கள். பொங்கலும் அப்படித்தான், விடியற்காலையில் தளதளவென்று இருப்பது நேரம் ஆக ஆக இறுகிக்கொண்டே போகும். உளுந்த வடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், எண்ணெயிலிருந்து எடுத்த பத்து நிமிடத்துக்குள் அதன் கதை முடிந்துவிடும்.

தோசைக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காத்திருப்பதில் வருகிற சண்டையில் பாதி இங்கேதான். நம் கல்லில் ஒரே தடவையில் ஆறு தோசை வார்க்கலாம். ஆனால் முறுகல் ரோஸ்டுக்குக் கல் ஒரு சூட்டில் இருக்க வேண்டும், ஊத்தப்பத்துக்கும் கல் தோசைக்கும் சூடு அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அடி கருகி நடு வேகாமல் போகும். மாஸ்டர் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் தேய்க்கிறாரே, அது சுத்தத்துக்கு மட்டும் இல்லை, சூட்டை இறக்குவதற்கும்தான். ஆகவே ஒரு மேசையில் நான்கு பேர் உட்கார்ந்து ஒருவர் நெய் ரோஸ்ட், ஒருவர் ஊத்தப்பம், ஒருவர் ரவா தோசை, ஒருவர் கல் தோசை என்றால் நான்கும் நான்கு நேரத்தில்தான் வரும், முதல் ஆள் கை கழுவும்போது கடைசி ஆளுக்குத் தட்டு வரும். சேர்ந்து சாப்பிட ஆசைப்பட்டால் ஒரே வகையாகச் சொல்லிப் பாருங்கள், ஒரே நேரத்தில் சுடச்சுட வரும். ரவா தோசைக்கு இன்னும் பொறுமை வேண்டும். மாவு மோர் மாதிரி நீர்க்க இருக்கும், ரவை அடியில் போய் உட்கார்ந்துவிடும், ஒவ்வொரு தடவையும் அடிவரை கலக்கி, நன்றாகக் காய்ந்த கல்லில் கையைத் தூக்கி வீசி, அப்புறம் அது தானாக முறுகும் வரை விட வேண்டும். சாதாரணத் தோசை இரண்டு மூன்று வார்க்கிற நேரத்தை ஒரு ரவா தோசை எடுத்துக்கொள்ளும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றால் தயவுசெய்து ரவா தோசை ஆர்டர் கொடுக்காதீர்கள். அவசரப்படுத்தினால் மாஸ்டர் முறுகுவதற்கு முன்பே எடுத்துவிடுவார், நீங்களும் ரவா தோசையே சாப்பிட்டதாக ஆகாது.

காபியை டிபனோடு சேர்த்துச் சொல்லிவிட்டு, ஆறின பிறகு குடிக்கிறவர்கள் நிறையப் பேர். சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் சொல்லுங்கள் போதும். நம் கடையில் டிகாஷன் காலை ஐந்தரைக்கு ஒரு தடவையும் மாலை மூன்றரைக்கு ஒரு தடவையும் இறக்குகிறோம், அதை ஒட்டி வருகிறவர்களுக்குக் கிடைக்கிற மணம் மத்தியானம் இரண்டு மணிக்குக் கிடைக்காது, இதை மறைப்பதில் அர்த்தம் இல்லை. ஸ்ட்ராங், லைட், டிகாஷன் தூக்கல், அரைச் சர்க்கரை, விதவுட், எதுவாக இருந்தாலும் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள். மாஸ்டர் கலக்குவதற்கு முன்னால் காதில் விழுந்தால் அவருக்கு அது ஒரு வேலையே இல்லை.

சரி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவோம். பன்னிரண்டு மணிக்கு முதல் பந்தி. கூட்டும் பொரியலும் அடுப்பிலிருந்து நேராக வருகிற நேரம் அது, முடிந்தவர்கள் ஒரு மணிக்குள் வந்துவிடுங்கள். சாம்பாருக்கே வயிற்றை நிரப்பிக்கொண்டு, ரசம் வரும்போது "போதும்" என்று இலையை மடக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். முதல் சோறு கொஞ்சமாக வாங்குங்கள், வத்தக்குழம்புக்கும் ரசத்துக்கும் மோருக்கும் இடம் விடுங்கள். ரசத்தைத் தெளிவாகவும் கேட்கலாம், கலக்கியும் கேட்கலாம். குடிக்கிறவர்களுக்குத் தெளிவு நல்லது. சோற்றில் பிசைகிறவர்கள் அடியில் இருக்கிற பருப்பு மண்டியோடு கலக்கி ஊற்றச் சொல்லுங்கள், அது வேறு ருசி. வேண்டாத பொரியலை வைப்பதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அதற்குப் பதில் வேறொன்று இரண்டு கரண்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இலையில் விழுந்ததைத் திரும்ப எடுக்க முடியாது, அது குப்பைக்குத்தான் போகும். குறைவாகச் சாப்பிடுகிறவர்கள் முழுச் சாப்பாடு வாங்கவே வேண்டாம், அளவுச் சாப்பாடோ ஒரு சாம்பார் சாதம், தயிர் சாதமோ போதும், நாங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டோம்.

உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதது ஏதாவது இருந்தால் அதை முதலிலேயே சொல்வது மிக முக்கியம். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், கோதுமை ஆகாதவர்களுக்குச் சாம்பாரும் ரசமும் பிரச்சினையாகலாம் என்பது பலருக்குத் தெரியாது. பொங்கலில் முந்திரி இருக்கும், சில நாள் சட்னியில் நிலக்கடலை சேரும். சஷ்டி, ஏகாதசி என்று வெங்காயம் பூண்டு தவிர்க்கிறவர்களும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், நம் சாம்பாரில் சின்ன வெங்காயம் உண்டு, வத்தக்குழம்பில் பூண்டு உண்டு.

அடுத்தது குறை சொல்வது. போன கோடையில் ஒரு நாள் சாயங்காலம், ஒரு அம்மா தேங்காய்ச் சட்னியை ஒரு வாய் வைத்ததும் சப்ளையரைக் கூப்பிட்டு, "தம்பி, லேசாப் புளிப்பு அடிக்குது, பாருங்க" என்றார். நான் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், உண்மைதான். அந்தப் பாத்திரத்தை அப்படியே கொட்டிவிட்டு, ஏற்கெனவே வைத்திருந்த மேசைகளிலும் திரும்ப எடுத்துக்கொண்டு, புதிதாக அரைத்தோம். மதுரை வெயிலில் தேங்காய்ச் சட்னி சில மணி நேரம்கூடத் தாங்காது, அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக அரைக்க ஆரம்பித்தோம். அந்த அம்மா பேசாமல் ஒதுக்கிவைத்துவிட்டுப் போயிருந்தால் இன்னும் முப்பது பேர் அதைச் சாப்பிட்டிருப்பார்கள். முதல் வாயிலேயே சொல்லிவிட்டால் உப்பு, புளிப்பு, வேகாதது எதையும் சரி செய்யலாம். சாம்பார், குழம்பு வகைகளைச் செய்கிற சரக்கு மாஸ்டர் அந்த அண்டா முழுவதையும் திருத்திவிடுவார். கல்லாவில் பணம் கொடுக்கும்போது சொன்னால் மன்னிப்பு மட்டும்தான் கேட்க முடியும். குரலை உயர்த்த வேண்டிய தேவையே இல்லை, அந்த அம்மா மாதிரி ஒரு வார்த்தை போதும்.

பில்லையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுங்கள், எங்கே போனாலும். தனியாக நடக்கிற ஓட்டல்களில், ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், 2017 நவம்பர் 15 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பில்லில் மத்திய அரசுக்கு 2.5, மாநில அரசுக்கு 2.5 என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். காம்போசிஷன் முறையில், அதாவது விற்பனையில் ஒரு சின்னப் பங்கைக் கடையே வரியாகக் கட்டிவிடுகிற முறையில், பதிந்திருக்கிற சின்னக் கடைகள் உங்களிடம் தனியாக வரி வாங்கவே கூடாது. சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு தொகை போட்டிருந்தால் அது அரசாங்க வரி இல்லை. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அது சரிதான் என்று தீர்ப்புக் கொடுத்துவிட்டது. எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். நம் கடையில் அப்படி எதுவும் போடுவதில்லை. டிப்ஸ் கொடுக்க விரும்பினால் பரிமாறியவர் கையிலேயே கொடுங்கள், அது முழுக்க அவருக்குத்தான். சாப்பாட்டின் பாதுகாப்பைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டி வந்தால் பில்லில் இருக்கிற 14 இலக்க உணவு உரிம எண் உதவும், அதனால் பில்லைக் கசக்கி இலையில் போட்டுவிடாதீர்கள்.

பார்சல் வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரோஸ்ட் பார்சல் வேண்டாமே. மடித்துக் கட்டினால் அதன் ஆவியிலேயே அது நனைந்து, வீட்டுக்குப் போவதற்குள் துணி மாதிரி ஆகிவிடும், அந்த விலைக்கு அது நியாயம் இல்லை. இட்லி, கல் தோசை, இடியாப்பம் வாங்குங்கள், இவை பயணத்தைத் தாங்கும். சாம்பாருக்கும் ரசத்துக்கும் வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டு வந்தால் ரொம்ப நல்லது. 2019 ஜனவரி 1 முதல் சாப்பாடு கட்டுகிற பிளாஸ்டிக் தாளுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது, நாங்கள் இலையும் பேப்பரும் வைத்துத்தான் கட்டுகிறோம், குழம்பு வகைகளுக்குத் தூக்குவாளியை விடச் சிறந்தது எதுவும் இல்லை. தூக்கு கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு கரண்டி கூடவே ஊற்றச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குப் போனதும் முதலில் சட்னியைத் தீர்த்துவிடுங்கள், அதை ராத்திரிக்கு என்று வைக்க வேண்டாம்.

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிமார் வேன்கள் விடியற்காலையிலேயே வந்து நிற்கும், சித்திரைத் திருவிழா நாட்களில் வீதியே நிறைந்திருக்கும். அந்த நாட்களில் வழக்கமாக வருகிறவர்கள் அரை மணி முன்னால் வாருங்கள், இல்லையென்றால் ஒன்பதரைக்கு மேல் வாருங்கள். பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து வருவதாக இருந்தால் முதல் நாளே போன் செய்தால் மாவு கூடுதலாக ஆட்டி வைப்போம். வயதானவர்களைக் கூட்டி வருகிறவர்கள் வாசலிலேயே சொல்லுங்கள், கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்து மேசையை ஒதுக்கித் தருகிறோம்.

அப்புறம், கல்லாவில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். அடிக்கடி வருகிறவர்கள் அதில் உங்களுக்குக் காபி எப்படி, தோசை எப்படி, என்ன ஆகாது என்று எழுதிவிட்டுப் போங்கள். புதிதாகச் சேர்கிற சப்ளையர்களை அதைப் படித்துப் பார்த்த பிறகுதான் மேசைக்கு அனுப்புவோம். முதல் வரியை நானே எழுதிவிட்டேன்: சுவர் ஓரத்து மேசை, காலை ஏழு மணி, அரைச் சர்க்கரை.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்