வெளிறிய முருகைக்கல்லுக்கு இன்னும் உயிர் இருக்கிறது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சித்திரை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று தங்கள் ஞாயிறு இதழ் ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருந்தது. நிலாவெளியும் ஹிக்கடுவையும் அதில் முன்னணியில் இருந்தன. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவில் முகமூடி அணிந்து மிதந்தபடியே முருகைக் கற்பாறைகளை, அதாவது பவளப்பாறைகளை, கண்குளிரப் பார்க்கலாம் என்ற குறிப்பும் இருந்தது. அதோடு இன்னும் ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். சித்திரையும் வைகாசியும் நமது கடல் மிக அதிகமாகச் சூடேறும் மாதங்கள். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட அந்த நாட்களில் காற்று அடங்கிவிடும், நீர் கலங்காது, வெயில் நேரே அடிவரை இறங்கும். நாம் ஆசையோடு தேடிப் போகும் அந்தத் தெளிந்த கடல்தான் முருகைக்கற்களை வாட்டுகிறது.

நான் விஞ்ஞான ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். 1996இல் மாணவிகள் சிலரை வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் ஹிக்கடுவைக்கு அழைத்துச் சென்றேன். யுத்த காலம் அது. திருகோணமலைப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப் போவதை நினைத்தும் பார்க்க முடியாது. கண்ணாடிப் படகில் குனிந்து, மான்கொம்பு போலக் கிளைவிட்டிருந்தவற்றைப் பார்த்த ஒரு பிள்ளை, "டீச்சர், இது செடியா, கல்லா?" என்று கேட்டாள். விலங்கு என்றேன். ஒருத்தியும் நம்பவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே இடத்துக்குப் போனபோது, கண்ணாடிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் உடைந்த கற்குவியலையும் அதன்மேல் படர்ந்த பாசியையும்தான் கண்டேன். படகோட்டி ஒன்றும் பேசாமல் படகைத் திருப்பினார்.

இடையில் வந்தது 1998. அந்த ஆண்டு, பசிபிக் சமுத்திரம் வழமைக்கு மாறாகச் சூடேறும் எல் நினோ நிகழ்வால் இந்து சமுத்திரமும் சூடேறியபோது, ஹிக்கடுவையில் சுமார் 47 வீதமாக இருந்த உயிருள்ள முருகைக்கல் பரப்பு ஏறத்தாழ 7 வீதமாகச் சுருங்கியது. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃப் பாறைத்தொடரின் ஆழம் குறைந்த பகுதிகளும் அழிந்தன. புறாத்தீவு அப்போது பெருமளவுக்குத் தப்பியது. அதனால்தான் அதைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன்.

வெளிறல் என்றால் என்ன என்பதைப் பலர் தவறாக விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். முருகை உயிரியின் இழையத்துக்குள் அல்காக்கள் எனப்படும் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியில் தயாரிக்கும் உணவுதான் அந்த உயிரியின் சக்தித் தேவையில் பெரும்பங்கை நிறைவேற்றுகிறது. நிறத்தைத் தருபவையும் அவையே. கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடி, சில வாரங்கள் அப்படியே நின்றுவிட்டால், இந்த உறவு முறிகிறது. அல்காக்கள் வெளியேற்றப்படுகின்றன, கண்ணாடி போன்ற இழையத்தின் ஊடாக வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு தெரிகிறது. அந்த வெள்ளை மரணத்தின் நிறம் இல்லை, பட்டினியின் நிறம். நீர் விரைவில் குளிர்ந்தால் அல்காக்கள் மீண்டும் குடியேறும், உயிர் பிழைக்கும். அந்தச் சில வாரங்களில் அதன்மேல் ஒரு கால் படுவதும், நங்கூரம் விழுவதும், துடுப்புக்காலணி கிளப்பும் மணல் படிவதும், படுக்கையில் கிடக்கும் நோயாளியின் நெஞ்சில் ஏறி நிற்பதற்குச் சமம்.

உலகம் சூடேறுவதில் நமது நாட்டின் பங்கு மிகச் சிறியது, நாம் என்ன செய்ய முடியும் என்று படித்தவர்களே என்னிடம் கேட்கிறார்கள். பங்கு சிறியது என்பது உண்மை. பூமியில் மிகையாகச் சேர்ந்த வெப்பத்தில் 90 வீதத்துக்கும் மேல் கடல்தான் விழுங்கியிருக்கிறது. அதை இங்கிருந்து நிறுத்த முடியாது. ஆனால் 1998இல் அழிந்த பார் ரீஃப், பதினைந்து ஆண்டுகளில் கிளை முருகைகளால் பெருமளவு மீண்டும் நிறைந்ததே! 2016இல் வந்த அடுத்த வெப்ப அலை அதை மறுபடி வீழ்த்தியது. மீண்டெழும் ஆற்றல் அதற்கு இருந்தது, கால அவகாசம்தான் கிடைக்கவில்லை. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளிறல் அறிவிக்கப்பட்டது. அது தொடங்கியதிலிருந்து 2025 வசந்தம் வரையில், உலக முருகைக்கல் பரப்பில் 84 வீதத்தை வெளிறச் செய்யும் அளவு வெப்பம் தாக்கிவிட்டது. இப்படி இடைவெளி சுருங்கிவரும்போது, அடிபட்டதை மேலும் மிதிக்காமல் இருப்பதாவது நம் கையில் இருக்கிறது.

2004 ஆழிப்பேரலையை மறந்துவிடக் கூடாது. முருகைக்கற்கள் காப்பாற்றப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை இரண்டு மூன்று மீற்றர் உயரத்தில் வந்து, கரைக்கு உள்ளே ஐம்பது மீற்றர் அளவில் நின்றது. சில கிலோமீற்றர் தூரத்தில், சுண்ணாம்புக்காகக் கல் அகழப்பட்டிருந்த பெரலியவில் பத்து மீற்றர் உயரத்தில் எழுந்து ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே புகுந்தது. அங்கே பயணிகளோடு அலையில் சிக்கிய அந்த ரயிலை எவரும் மறக்க மாட்டார்கள்.

தாய்லாந்து 2016இலும் 2024இலும் வெளிறல் கண்ட தீவுகளையும் சுழியோடும் இடங்களையும் தற்காலிகமாக மூடியது. அங்கும் சுற்றுலாவை நம்பி வாழும் மக்கள்தான். நமது அதிகாரிகளும் வெப்ப எச்சரிக்கை உயரும் வாரங்களில் புறாத்தீவிலும் ஹிக்கடுவையிலும் நீருக்குள் இறங்குவதை நிறுத்த வேண்டும். நிலாவெளிப் படகோட்டிகளின் வயிற்றில் அடித்து இதைச் செய்யக் கூடாது. நுழைவுச்சீட்டு வருமானத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, அந்த வாரங்களுக்கு அவர்களையே பாறைகளைக் கண்காணிக்கும் வேலைக்கு அமர்த்தலாம். அந்தக் கடலை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் எவர்?

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கடல்மேற்பரப்பின் வெப்பத்தையும் முருகைக்கல் வெளிறல் எச்சரிக்கையையும் அமெரிக்கத் தேசிய சமுத்திர வளிமண்டல நிர்வாகம் செய்மதித் தரவுகளைக் கொண்டு நாள்தோறும் இலவசமாக வெளியிடுகிறது. வானிலைப் பெட்டியில் மழைக்கும் காற்றுக்கும் கீழே, பங்குனி முதல் ஆனி வரை அதையும் தமிழில் ஒரு வரியாகப் போடுங்கள். விடுமுறைப் பயணத்துக்குத் திட்டமிடும் குடும்பங்கள் அதைப் பார்த்தாவது நாளை மாற்றிக்கொள்ளட்டும். வாராவாரம் அந்த விவரத்தைத் தமிழில் எழுதித் தர ஆள் இல்லையென்றால், ஊதியம் எதுவும் வேண்டாம், நான் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.