பெரட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?

அன்புக் கூட்டாளிக்கு,

நம்ம மலையகத் தோட்டத்துச் சனம் என்ன சாப்பிடுதுன்னு கணக்கெடுக்க நீ எழுதின படிவம் கைக்கு வந்து மூணு மாசம் ஆச்சு. சாக்குச் சொல்லப் போறதில்ல, எனக்கு அரைப்பேர், அதான் அரை நாள் சம்பளம், போட்டுக்க. இங்க எல்லாரும் சுகம், மழைதான் விட்டபாடில்ல. நம்ம வாத்தியார் நெட்டை சேர் பென்ஷன் வாங்கியும் மணியடிக்கப் பள்ளிக்கூடம் போறாராம், அத நேர்ல சிரிச்சுக்குவோம். அடுத்த கிழமை கணக்கெடுக்கிற உன் பிள்ளைங்க லயம் லயமா, நம்ம சனத்தோட வரிசை வீடுகள்ல, இறங்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டதும்தான் பேனாவ எடுத்தேன்.

அடியே, அந்த முதல் பக்கத்த மட்டும் மாத்திடு. ‘காலை உணவு, மதிய உணவு, இரவு உணவு’ன்னு மூணு கட்டம் போட்டு வச்சிருக்க. நம்ம சனம் யாரு அப்படிப் பேசுது? தேயிலைக் கொழுந்து பறிக்கப் போற ஒரு அக்காகிட்ட “காலை உணவு சாப்பிட்டீங்களா?”ன்னு கேட்டா, “இல்லம்மா, ரொட்டிதான்”னு வரும். உன் பிள்ளை ‘இல்லை’ன்னு கோடு போடும். ரெண்டு ரொட்டியும் சம்பலும் உள்ள போனது கணக்குல வராது. ‘சாப்பிட்டேன்’னு சொல்லணும்னா சோறு இருக்கணும். தேத்தண்ணியும் கஞ்சியும் குடிக்கிறது. ரொட்டி, பிஸ்கட்டு எல்லாம் கடிச்சுக்கிறது. அதனால “குடிச்சது என்ன, கூடக் கடிச்சுக்கிட்டது என்ன, சோறு எப்ப?”ன்னு மூணாப் பிரிச்சுக் கேக்கச் சொல்லு.

அடுத்தது நேரம். மணிய நம்பாத. நம்ம பக்கம் சாப்பாட்டுக்குப் பேர் வச்சது கடிகாரம் இல்ல, வேலை. விடியறதுக்கு முன்னாடி அடுப்படியில ஒரு சாயத்தண்ணி (பால் இல்லாத தேத்தண்ணி), உள்ளங்கையில சீனியோட. அதுக்கப்புறம் பெரட்டு, அதான் காலையில பேர் குடுத்து வேலை பிரிக்கிற நேரம். மலையில பத்து மணித் தேத்தண்ணி. துணியில கட்டிக்கிட்டுப் போன ரொட்டி நிறையப் பேருக்கு அப்பத்தான் அவிழும். பகல் கொழுந்த தராசுல நிறுத்த பிறகு பகல் சாப்பாடு. அந்திக் கொழுந்து நிறுத்துப் போட்டு வீட்டுக்கு வந்ததும் மறுபடி தேத்தண்ணி, அப்புறம் ராச்சோறு. தோட்டத்துக்குத் தோட்டம் அரை மணி முன்ன பின்ன ஆகும், வரிசை மாறாது. ஆக ‘காலை’ன்னா ஒருத்தருக்கு அஞ்சு மணிச் சாயம், இன்னொருத்தருக்குப் பத்து மணி ரொட்டி. ரெண்டையும் ஒரே கட்டத்துல போட்டா நடுவுல இருக்கிற அஞ்சு மணி நேரப் பட்டினி மறைஞ்சு போகுது.

இதுலதான் எனக்குப் பயம், விளையாட்டா எழுதல. சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) குடுக்கிற மருந்துல ‘காலை உணவுடன்’னு எழுதியிருக்கும். மெட்ஃபோமின வெறும் வயித்துல போட்டா வயித்தப் புரட்டும், பேதியாகும். அது பரவாயில்லன்னு வையி. க்ளிக்ளசைட் மாதிரிக் குளிசைய விடியக்காலச் சாயத்தோட போட்டுட்டு, பத்து மணி வரைக்கும் கூடையத் தூக்கிக்கிட்டு மலை ஏறினா? ரத்தத்துல சீனி இறங்கும். கை நடுங்கும், வேர்க்கும், கண்ண இருட்டும், சரிவுல கால் தவறும். கேட்டா ‘பித்தம்’னு சொல்லிக்குவாங்க. கிளினிக்கு அட்டைய வச்சிருக்கிறவங்ககிட்ட உன் பிள்ளைங்க கட்டாயம் கேக்கணும்: “குளிசை பெரட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு வாய்க்கு ஏதாவது போகுது?” பதில் ஒரு மணி நேரத்துக்கு மேலன்னா அட்டையில குறிச்சு டொக்டர்கிட்ட அனுப்பு. குளிசைய அவங்களா மாத்திப் போடவும் வேணாம், உன் பிள்ளைங்க சொல்லவும் வேணாம்.

ஒரே வீட்டுக்குள்ளயும் ரெண்டு கணக்கு ஓடும். தேயிலைச் செடிய வெட்டிவிடுற கவ்வாத்துக்குப் போற ஆம்பளை, அன்னிக்குக் குறிச்சுக் குடுத்த கணக்கு வேலைய முடிச்சுட்டு வீட்டுக்கு வந்து ரெண்டு மணிக்குச் சோறு தின்னுவாரு. சம்சாரம் பன்னெண்டரைக்கே மலையில முடிச்சிருக்கும். ராத்திரி ஸ்டோருல (தேயிலை ஃபெக்டரியில) நிக்கிறவருக்கு விடியக்காலம் வந்து தின்னுறதுதான் ராச்சோறு. பெரட்டு இல்லாத ஞாயித்துக்கிழமைய முழுசா வேற பக்கத்துல எழுது. ஒருபொழுது இருக்கிற பொம்பளைங்கள ‘ஒரு நேரம்தான் சாப்பிட்டார்’னு வறுமைக் கணக்குல சேத்துடாத, விரதமான்னு கேளு. நம்மகிட்ட பொழுதும் வேளையும் நேரமும் சாப்பாட்டையே குறிக்கிற சொல்லுதான், மறந்துட்டியா?

ரொட்டிக் கணக்கும் தப்பு. ‘எத்தனை ரொட்டி’ன்னு மட்டும் கேட்டிருக்க. அரைக் கிலோ கோதுமை மாவு, பாதித் தேங்காய்த் துருவல், ஒரு தேக்கரண்டி உப்பு. இதுல ஒரு வீட்டுல எட்டு ரொட்டி, இன்னொரு வீட்டுல அஞ்சு. அதாவது ஒண்ணுல 60 கிராமுக்குக் கொஞ்சம் கூட மாவு, மத்ததுல 100. ஆக மாவு எவ்வளவு, அதுல எத்தனை சுட்டாங்க, தேங்காய் போட்டாங்களா, மூணையும் கேளு. தேங்காய் விலை ஏறினா முதல்ல குறையறது அந்தத் துருவல்தான், வாயத் திறந்து கேட்டாத்தான் சொல்லுவாங்க.

உன் பிள்ளைங்கள்ல ரெண்டு பேர் யாழ்ப்பாணம்னு எழுதியிருந்த. ‘காலமை’, ‘பின்னேரம்’னு கேட்டா நம்ம ஆத்தாமார் முழிப்பாங்க, ‘அந்திக்கு’ன்னு கேக்கப் பழக்கு. இதுல யாரும் உசத்தி தாழ்த்தி இல்ல. மலேசியாவுக்குப் போன நம்ம சனம் காலையில ‘பசியாறியாச்சா’ன்னு கேக்குது. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துல நீலகிரிப் பக்கம் போனவங்க பேரப்பிள்ளைங்களுக்கு இட்டிலி டிபன், சோறு சாப்பாடு. கீழ சிங்களக் கிராமத்துல வயலுக்குத் தூக்கிட்டுப் போற பகல் சோத்துக்கு ‘அம்புல’ன்னே தனிப் பேரு.

இந்தப் படிவத்துக்காக நீ மொழிபெயர்த்த அந்த இங்கிலீஸ் தாளப் பெரிய வேதமா நினைக்காத. வட இங்கிலாந்துல வேலைக்காரச் சனத்துக்கு டின்னர்னா பகல் சாப்பாடு, அந்திச் சாப்பாட்டுக்குப் பேரு டீ. அங்க பள்ளிக்கூடத்துப் பகல் சாப்பாடு இன்னும் ‘ஸ்கூல் டின்னர்’தான். டின்னர்ங்கிற சொல்லோட வேர தோண்டிப் பாத்தா ‘விரதத்த முறிக்கிறது’ன்னு வருது, அதாவது பிரேக்ஃபாஸ்ட்! பெரிய மனுசங்க விளக்க ஏத்தி வச்சு லேட்டாச் சாப்பிடத் தொடங்கினதும் அது ராத்திரிக்கு நகர்ந்துடுச்சு, பகல்ல விழுந்த ஓட்டைய லஞ்ச் வந்து அடைச்சுது. பிரெஞ்சுக்காரனும் அப்படித்தான்: பாரிஸ்ல ‘தெஜெனே’ பகலுக்கு, கியூபெக்ல அதே சொல்லு காலைக்கு. அவனவன் வேலை நேரத்துக்கு அவனவன் சொல்ல நகர்த்தியிருக்கான். நம்மள மட்டும் கட்டத்துக்குள்ள அடைக்கிறியே!

படிவத்தோட பின்பக்கம் பென்சில்ல ஒரு மாதிரி வரைஞ்சிருக்கேன். பேர் போட்ட கட்டமே கிடையாது. எழும்பினதுலருந்து படுக்கிற வரைக்கும் அஞ்சு வரி: பெரட்டுக்கு முன்னாடி, பத்து மணித் தேத்தண்ணி, பகல் நிறுவை, அந்தி, ராத்திரி. ஒவ்வொண்ணுலயும் எங்க வச்சு, என்ன, எவ்வளவு. அவங்க சொன்ன சொல்ல அப்படியே எழுதட்டும், திருத்த வேணாம். முதல்ல ஒரு லயத்துல பத்து வீடு கேட்டுப் பாத்துட்டு மிச்சத்த அச்சடி. பத்துல நாலு பேராவது வேற வரி கேப்பாங்க, எழுதி வை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸுல படிவத்தக் குடுத்து விடுறேன், டவுன்ல எடுத்துக்க. புதுப் பக்கத்த அச்சடிச்சதும் எனக்கு ஒண்ணு அனுப்பு. அதுக்குப் பதில் எழுதவும் மூணு மாசம் எடுத்தேன்னா, செக்ரோல்லருந்தே, சம்பளப் பேரேட்டுலருந்தே, என் பேர வெட்டிடு.

இப்படிக்கு,
உன் வெங்காயக் கூட்டாளி