பொருள்: 'கிராமத்து உணவும் ஒயினும்' வார இறுதிச் சுற்றுலா – விளம்பரத்தில் சொன்னது தரப்படாதது குறித்த புகார்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டி, கடந்த வார இறுதியில் நானும் என் மனைவியும் மேற்படி சுற்றுலாவுக்குப் போய் வந்தோம். ஊர் அழகு, அறையும் சுத்தம். ஆனால் 'அந்த மண்ணில் விளைந்ததை, விளைவித்தவர் கையாலேயே' என்று உங்கள் விளம்பரத்தில் இருந்ததை நம்பித்தான் முன்பதிவு செய்தோம். அது நடக்கவே இல்லை.

ஒயின் சுவைக்கும் நிகழ்ச்சிக்குத் திராட்சைத் தோட்டக்காரர் வருவார் என்றிருந்தீர்கள். வந்தவர் உங்கள் வழிகாட்டி. என்ன வகைத் திராட்சை, எந்த ஆண்டு அறுவடை என்று கேட்டோம், அவருக்குத் தெரியவில்லை. புட்டியைத் திருப்பிப் பின்பக்கச் சீட்டைப் படித்தால், அறுவடை ஆண்டே இல்லை. புட்டியில் அடைத்த இடமாகப் போட்டிருந்ததும் வேறொரு தொலைதூர ஊர். அந்தப் புட்டிகளை ஜன்னலோரம் வெயிலில் அடுக்கி வைத்திருந்தார்கள். வெயிலும் சூடும் ஒயினைக் கெடுக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாததா? வெள்ளை ஒயினை 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை குளிரவைத்துத் தருவது வழக்கம். எங்களுக்கு வெதுவெதுப்பாக ஊற்றினார்கள், அதுவும் துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயினை முதலில் கொடுத்துவிட்டு. நாக்கில் அந்தத் துவர்ப்பு நிற்கும்போது மென்மையான வெள்ளை ஒயினில் என்ன ருசி தெரியும்? வாய் கொப்பளிக்கத் தண்ணீர்கூட வைக்கவில்லை.

எனக்கு அதிக வருத்தம் இரவுச் சாப்பாட்டில்தான். விடுதிக்குப் போகும் வழியெல்லாம் தக்காளி பழுத்துத் தொங்கியது. தட்டில் வந்தது டப்பாவில் அடைத்த தக்காளி. சீஸ், தொழிற்சாலை முத்திரையுள்ள பிளாஸ்டிக் உறையோடு வந்தது. விடுதி நடத்தும் அம்மாவிடம் கேட்டேன். சாப்பாடு உங்கள் வண்டியில் வந்துவிடுகிறது, சூடாக்கி மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், சமைத்துத் தர நாங்கள் தயாராகத்தான் இருந்தோம் என்றார். அவர் பக்கத்து வயலில் வாங்கிச் சமைத்திருந்தால், நாங்கள் கட்டிய பணத்தில் கொஞ்சம் அந்த ஊருக்கே போயிருக்கும். ஊர்ப் பெயரை வைத்து விற்றுவிட்டு, ஊர்க்காரர்களை ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒயின் நிகழ்ச்சிக்கும் இரவு உணவுக்கும் உரிய தொகையை 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். சொன்னபடி செய்ய ஏற்பாடு ஆகும்வரை அந்த விளம்பர வாசகத்தை நீக்க வேண்டும். அடுத்துப் போகிறவர்களுக்காவது விடுதிக்காரர்களையே சமைக்கச் சொல்லுங்கள். அந்த அம்மாவிடம் பேசிய எனக்கு, அவர் நன்றாகவே சமைப்பார் என்று தோன்றுகிறது. எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன்.

பணம் கட்டிய ரசீது, விளம்பரத்தின் நகல், புட்டிச் சீட்டின் படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
முன்பதிவு செய்த வாடிக்கையாளர்