மின் ஒப்பந்ததாரர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் என் வணக்கம். வராத உறுப்பினர்களுக்கும் இவ்வறிக்கையின் நகல் அனுப்பப்படும். அவர்களை எண்ணியே எழுதிய பத்திகள் சில இதில் உண்டு.

சென்ற ஆண்டில் செயற்குழு முறைப்படி கூடியது. ஒரு கூட்டம் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாததால் ஒத்திவைக்கப்பட்டது. மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவருக்கு அஞ்சலி செலுத்தப்பட்டது. முதலுதவிப் பயிற்சி ஒரு நாள் நடைபெற்றது. புதிய உறுப்பினர்கள் சேர்க்கப்பட்டனர்.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, உரிமம் மற்றும் அனுமதி பற்றிய வழிகாட்டிக் கோப்பைத் தயாரித்ததாகும். இதனைச் ‘செயலாளரின் கோப்பு’ என்று சிலர் கேலியாகக் குறிப்பிடுவது என் காதுக்கும் எட்டியது. ஆண்டின் தொடக்கத்தில் உறுப்பினர்களின் விண்ணப்பங்கள் அடுத்தடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டபோது, அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு காரணங்களை ஒவ்வொன்றாக எழுதியதில்தான் அது தொடங்கியது. வேலையின் தரத்தில் குறை கண்டு திரும்பிய விண்ணப்பம் அவற்றுள் ஒன்றுகூட இல்லை. ஒன்றில் மின் அமைப்பை ஒற்றைக் கோடுகளால் காட்டும் ஒற்றைக்கோட்டு வரைபடம் இணைக்கப்படவில்லை. ஒன்றில் அறைவாரியாகக் காட்டிய மின்பளுவின் கூட்டுத்தொகையும் முகப்பில் எழுதிய மொத்தமும் ஒத்துப்போகவில்லை. இன்னொன்றில் நிறுவனத்தை விட்டு எப்போதோ விலகிப்போன மேற்பார்வையாளரின் பெயரே இன்னமும் இருந்தது. மேற்பார்வையாளர் மாறினால் உரிமம் வழங்கும் அலுவலகத்திற்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்பதைப் புதுப்பிக்கும் நாள் வரை யாரும் நினைப்பதில்லை.

உரிமம் வேறு, அனுமதி வேறு என்பதே நம்மில் பலருக்கு இன்னும் தெளிவாக இல்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். உரிமம் என்பது ஒப்பந்ததாரரின் தகுதிக்கு வழங்கப்படுவது. அனுமதி என்பது குறிப்பிட்ட ஓர் இடத்தில் நடக்கவிருக்கும் குறிப்பிட்ட ஒரு வேலைக்கு வழங்கப்படுவது. உரிமம் கையில் இருப்பதாலேயே எந்த வேலையையும் தொடங்கிவிடலாம் என்று எண்ணுவது தவறு. பழுதான சுவிட்சைக் கழற்றி அதே வகைச் சுவிட்சைப் பொருத்துவதற்குப் பெரும்பாலும் யாரும் அனுமதி கேட்பதில்லை. புதிய சுற்று இழுப்பது, விநியோகப் பெட்டியை மாற்றுவது, மின்பளுவை உயர்த்துவது, ஜெனரேட்டரையோ சூரிய மின் தகடுகளையோ இணைப்பது ஆகியவை அப்படியல்ல. உரிமத்திலும் வகைகள் உண்டு. தாழ்வழுத்த வேலைக்கான உரிமத்தை வைத்துக்கொண்டு உயரழுத்த வேலைக்குக் கையெழுத்திட முடியாது.

ஜெனரேட்டர் இணைப்புக்கு எதற்கு இத்தனை கேள்விகள் என்று ஓர் உறுப்பினர் கூட்டத்திலேயே சலித்துக்கொண்டார். இரு மூலங்களையும் ஒருசேர இணைய விடாத மாற்றுச் சுவிட்ச் இல்லாவிட்டால், வீட்டு ஜெனரேட்டரின் மின்சாரம் வெளிக் கம்பிக்குத் திரும்பிப் பாயும். வழியில் இருக்கும் மின்மாற்றி அதன் அழுத்தத்தைப் பன்மடங்கு உயர்த்தும். லைன் துண்டிக்கப்பட்டுவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் அதற்குப் பலியாவார். சூரிய மின் தகடுகளிலோ, மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் வெயில் இருக்கும்வரை நேர்மின்னோட்டப் பக்கத்தில் அழுத்தம் இருந்துகொண்டேயிருக்கும். விண்ணப்பத்தில் இந்த விவரங்களைக் கேட்பது நம்மை அலைக்கழிப்பதற்காக அல்ல என்பதைச் சலித்துக்கொண்டவருக்கு அன்றே விளக்கினேன். விளக்கம் முடியும்வரை அவர் கூட்டத்தில் இருக்கவில்லை.

ஆய்வின் காலம் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுவருக்குள் மறையப்போகும் குழாயும் கம்பியும் பூச்சு வேலைக்கு முன்பே ஆய்வுக்கு உட்பட வேண்டும். மின்சாரம் கொடுக்கும் முன் இன்னோர் ஆய்வு தேவை. ஓர் உறுப்பினர் பூச்சு முடிந்து வண்ணமும் அடித்த பிறகு ஆய்வுக்கு விண்ணப்பித்தார். சுவரைச் சில இடங்களில் கொத்திக் காட்ட வேண்டியதாயிற்று. செலவை வீட்டுக்காரர் ஏற்கவில்லை. சங்கம் தம்மை எச்சரிக்கவில்லை என்று அந்த உறுப்பினர் எழுதிய கடிதம் கோப்பில் உள்ளது. எச்சரிக்கை வழிகாட்டியின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. அவருக்கான படியும் அலுவலக அலமாரியில், அவர் பெயர் எழுதிய உறையில், இன்றுவரை அப்படியே இருக்கிறது.

அடுத்து, பொதுப் பயன்பாட்டிற்காக வாங்கிய சோதனைக் கருவிகள். செயற்குழு முழுமையாகக் கூடி ஒப்புதல் தருவதற்கு முன்பே அவற்றை வாங்கிவிட்டேன் என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். கோரம் இல்லாமல் ஒத்திவைக்கப்பட்ட கூட்டம் என்று மேலே குறிப்பிட்டேனே, அதன் பொருள்நிரலில் முதல் இனமே இதுதான். தலைவரிடமும் பொருளாளரிடமும் கலந்து பேசியே வாங்கினேன். வேலை முடிந்ததும் தரும் நிறைவு அறிக்கையில் காப்புத் தடை (கம்பியின் உறை மின்கசிவைத் தடுக்கும் அளவு), நில இணைப்புத் தடை (எர்த் இணைப்பின் மின்தடை), மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கசிவு மின்னோட்டத் துண்டிப்பியின் வேகம் ஆகியவற்றை எழுத வேண்டிய நிலையில், கருவியே இல்லாத உறுப்பினர்கள் அந்தக் கட்டங்களை எப்படி நிரப்பி வந்தார்கள் என்பதை நான் இங்கே விவரிக்க விரும்பவில்லை. எல்லா வீடுகளிலும் ஒரே எண் வருவதை ஆய்வாளர்களும் கவனிப்பார்கள் அல்லவா?

கட்டட மின் அமைப்புகளுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஇசி 60364-இன்படி, 500 வோல்ட் வரையிலான வழக்கமான சுற்றுகளில் 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் சோதிக்கும்போது காப்புத் தடை 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. ஆட்களைக் காக்கும் 30 மில்லி ஆம்பியர் துண்டிப்பி, அதே அளவு கசிவில் 300 மில்லி விநாடிக்குள் துண்டிக்க வேண்டும். துண்டிப்பியிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, சோதித்தாயிற்று என்று எழுதுவோர் நம்மிடையே உண்டு. அந்தப் பொத்தான், துண்டிப்பியின் இயக்கம் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டுமே காட்டும். வேகத்தையும் காட்டாது, நில இணைப்பு ஒழுங்காக உள்ளதா என்பதையும் காட்டாது. நில இணைப்புத் தடையை அளக்கும்போது மின்னழுத்தத்தை அளக்கும் முளையை, மின்னோட்டம் செலுத்தும் முளை நில இணைப்பிலிருந்து இருக்கும் தொலைவில் ஏறத்தாழ 62 விழுக்காட்டில் ஊன்ற வேண்டும் என்பதைச் செய்முறையாகவே காட்டினோம். வந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

கருவியை இரவல் பெற்றவர்களில் ஒருவர், எல்இடி விளக்குகளுக்கு மின்சாரம் தரும் மின்னணுப் பகுதிகளான டிரைவர்களைக் கழற்றாமலே கம்பிகளுக்கிடையே 500 வோல்ட் செலுத்திவிட்டுக் கருவியில்தான் கோளாறு என்று திருப்பித் தந்தார். மின்னணுச் சாதனங்களையும் திடீர் மின்னழுத்த உயர்விலிருந்து காக்கும் மின்னெழுச்சிக் காப்பானையும் பிரித்துவைத்த பிறகே சோதிக்க வேண்டும் என்று கருவிப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டியிருக்கிறேன். வேறொருவர் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது சோதனை முனைகளில் ஒன்று இல்லை. அதற்கு ஈடாகப் புதியது வாங்கித் தருவதாகச் சொன்னது இன்னும் சொல்லளவிலேயே இருக்கிறது.

எழுதத் தயங்கிய செய்தி ஒன்றும் உண்டு. உரிமம் இல்லாதவர் செய்த வேலைக்கு உரிமம் உள்ளவர் கையெழுத்து மட்டும் இட்டுக் கொடுக்கும் வழக்கம் நம் சங்கத்திலும் இருக்கிறது. யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. தீ விபத்தோ மின் விபத்தோ நேர்ந்தால், கம்பி இழுத்தவர் யார் என்பதற்கு முன்பாகக் கையெழுத்து யாருடையது என்பதே கேட்கப்படும். காப்பீட்டு நிறுவனமும் அந்தத் தாளைத்தான் முதலில் எடுக்கும். ஒருமுறைகூடக் கால் வைக்காத வீட்டிற்குப் பொறுப்பேற்கும் துணிச்சல் எனக்கில்லை. இருப்பவர்கள் தங்கள் உரிமத்தின் பின்பக்க நிபந்தனைகளை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். இடைவெளி, முந்தைய ஆண்டுகளின் இருப்பிலிருந்து சரிக்கட்டப்பட்டது. கருவி வாங்கியதே இதற்குக் காரணம் என்று சிலர் கருதலாம். சந்தா நிலுவை முழுவதும் வந்திருந்தால் கருவிகளும் வாங்கி, இருப்பும் குறையாமல் இருந்திருக்கும் என்பது என் கணக்கு. நிலுவை வைத்துள்ளவர்களின் பட்டியல் என்னிடம் உள்ளது. அதைப் பலகையில் ஒட்ட வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் ஒட்டவில்லை. சந்தா செலுத்தாதவர்களே உரிமம் காலாவதியாகும் நாளுக்கு முந்தைய இரவு தொலைபேசியில் அழைக்கிறார்கள் என்பது தற்செயலாக இருக்கலாம்.

ஒத்துழைத்த தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், பயிற்சிக்கு இடம் தந்தவர், கணக்கைத் தணிக்கை செய்தவர் ஆகிய அனைவருக்கும் நன்றி. கோப்பைத் தட்டச்சு செய்து மூன்று முறை திருத்திய இளம் உறுப்பினருக்குத் தனி நன்றி.

வரும் ஆண்டில் உறுப்பினர் அனைவரின் உரிமம், மேற்பார்வையாளர் சான்று, கம்பியாளர் சான்று ஆகியவை முடியும் நாள்களை ஒரே பதிவேட்டில் குறித்து முன்கூட்டியே நினைவூட்ட எண்ணம். இதற்கு ஒவ்வொருவரும் தத்தம் சான்றுகளின் நகலைத் தர வேண்டும். இதுவரை தந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கருவிகள் சரியாக அளக்கின்றன என்பதற்கான அளவுத்திருத்தச் சான்றும் வரும் ஆண்டில் முடிகிறது. அதைப் புதுப்பிக்காவிட்டால் கருவி காட்டும் எண்ணுக்கு ஆய்வின்போது மதிப்பிருக்காது. புதுப்பிக்கும் அளவுக்குத் தற்போதைய இருப்பு போதாது. என்னைப் பொறுத்தவரை, இப்பொறுப்பில் தொடர வேண்டும் என்ற பிடிவாதம் எதுவுமில்லை. பதிவேட்டையும் கருவிப் பெட்டியையும் அலமாரிச் சாவியையும் ஏற்றுக்கொள்ள முன்வருவோர் இருந்தால், இன்றே ஒப்படைக்க ஆயத்தமாக மேசைமேல் வைத்திருக்கிறேன். முன்வருவோர் இல்லையெனில், கூட்டம் முடிந்ததும் பொருளாளர் இரசீதுப் புத்தகத்துடன் வாயிலருகே அமர்ந்திருப்பார்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்